கூரையில்லாத வீட்டுக்கு ஒட்டிய சம்மன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அந்த வீட்டுக்குக் கூரை இருக்கிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்க்கத் தோன்றாத ஆள் நான். வேறு யாருக்காவது இந்தக் குறை இருந்தால் பாதகமில்லை. வீடு தேடிப் போவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவனுக்கு இருந்தது. தவில்காரனுக்குக் காது செவிடான மாதிரி.

நான் கோர்ட்டுச் சேவகன். மார்பில் குறுக்கே சிவப்பு டவாலி, அதில் பித்தளை வில்லை, கையில் சம்மன் கட்டு, தோள்பையில் ஒரு தகரக் குவளை நிறைய ராகிக் கூழ். கூழ் குடிப்பதற்கல்ல, ஒட்டுவதற்கு. போகிற வழியில் பாதியைக் குடித்துவிடுவேன் என்பது வேறு விஷயம்.

வேலையின் சட்டம் ரொம்பச் சின்னது. உன்மேல் வழக்கு வந்திருக்கிறது, இன்ன தேதிக்கு வந்து பதில் சொல் என்கிற காகிதத்தை அந்த ஆள் கையிலேயே கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அவர் வீட்டு ஆண்பிள்ளையிடம் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் வெளிக்கதவில் ஒட்டிவிட்டு, உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, பக்கத்தில் உள்ளவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். பிறகு ஆபீசில் எங்கள் மேலதிகாரியான நாஜர் முன்னால் நின்று, 'என் கையால் செய்தேன், சத்தியம்' என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானில்தான் எல்லாமே இருந்தது. முன்சீப் அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததில்லை; என் காகிதத்தைப் பார்ப்பார். அவனுக்குத் தெரியும் என்று என் காகிதம் சொன்னால் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை என்றால் வழக்கு ஒருதலையாகத் தீர்ந்துவிடும்.

இத்தனை பெரிய பொறுப்பை ஒரு பகல்கனவுக்காரன் கையில் கொடுத்திருந்தார்கள்.

தங்க வயலுக்குப் போகிற நாட்களில் என் கனவு இரட்டிப்பாகிவிடும். அதற்கு மில்லைத்தான் குற்றம் சொல்லவேண்டும். கல்லை மாவாக இடிக்கும் இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் தும், தும் என்று விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்திலேயே சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகள் தூங்கும். எப்போதாவது நின்றால்தான் திடுக்கிட்டு விழித்து அழும். தங்கத்தை எடுத்தபின் மிஞ்சிய வெள்ளை மணலை மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவித்திருந்தார்கள். காற்று அடித்தால் அந்த மலை மெல்ல எழுந்து லைன்கள்மேல் வந்து படியும். குடிசை, கோழி, காயப்போட்ட புடவை எல்லாம் ஒரே வெள்ளையாகி, எட்டத்தில் வருகிற மனிதருக்குக் கால்கள் இல்லாததுபோல் தெரியும். நான் அதற்குள் நடந்துபோவேன். அடுத்த வருஷம் நாஜர் ஆபீசிலேயே எனக்கு ஒரு முக்காலி கிடைத்துவிட்டதாகவும், என் சம்மன்களை வேறொருவன் தூக்கிக்கொண்டு அலைவதாகவும் நினைத்துக்கொள்வேன். உலக்கை தும், தும் என்று ஆமோதிக்கும்.

அன்றைய சம்மன் லைனில் நாற்பத்தேழாம் நம்பர் குடிசைக்கு. பிரதிவாதி, சுரங்கத்தின் அடியில் மரமுட்டுக் கொடுக்கிற வேலைக்காரர். பூதிகோட்டைப் பக்கத்தில் ஒரு ராகிக் கொல்லை, ஓரத்தில் புளியமரம். அது தனக்குச் சேரவேண்டும் என்று வேறு யாரோ போட்ட வழக்கு. அதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன். தபால்காரன் கடிதத்தைப் படிக்கலாமா?

லைன் வீடுகள் எல்லாம் மூங்கில் தட்டி வீடுகள். நாலு பக்கமும் தட்டி, மேலே புல், வாசலுக்கு ஒரு கோணிப்பை. கதவு என்கிற சாமானே கிடையாது. எங்கள் ஆபீஸ் படிவத்திலோ 'வெளிக்கதவில் ஒட்டினேன்' என்று அச்சாகியே இருக்கும். ஆகவே நாங்கள் கோணியைக் கதவென்று வைத்துக்கொள்வோம். கோணி ஒட்டாது என்பதால் பக்கத்துத் தட்டியை அந்தக் கதவென்று வைத்துக்கொள்வோம். வீட்டு நம்பரைக் கம்பெனி ஆள் வந்து அந்தத் தட்டியில்தான் தாரால் எழுதிவிட்டுப் போவான்.

வெள்ளைப் புழுதிக்குள்ளிருந்து நாற்பத்தேழு வந்தது. கொட்டைக் கொட்டையாய், கறுப்பாய். நான் நின்றேன். மேலே லேசாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. உள்ளே பாத்திரம் இடிபடும் சத்தம்.

"யாரு வீட்டுல?" என்றேன்.

"யாருய்யா அது?" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், கொஞ்சம் பதறி.

"கோர்ட்டு!"

"அங்கயே நில்லு! கிட்ட வராத!"

கோர்ட்டு என்றால் பெண்கள் இப்படிப் பதறுவது எனக்குப் பழக்கந்தான். "ஆம்பளை இல்லீங்களா?"

"அவுரு ஷிப்ட்டுக்குப் போய்க்கீறாரு! நீ போய்யா அப்பால!"

ஆள் இல்லை, ஆண்பிள்ளை இல்லை. சட்டப்படி ஒட்ட வேண்டியதுதான். குவளைக் கூழில் மிச்சமிருந்ததை வழித்துத் தட்டியில் பூசி, நாற்பத்தேழுக்குக் கீழே சம்மனை ஒட்டினேன். மரியாதைக்காக முதுகைத் திருப்பிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கணீரென்று படித்தேன். நடுவில் உள்ளேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் பறந்து வந்து என் தலைப்பாகையில் விழுந்தது. வெளியே கொட்டுகிற கழுநீர் போலும் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து படித்தேன். சாட்சிக் கையெழுத்துக்குச் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு ஆடு மட்டும் நின்றுகொண்டு கூழையே பார்த்துக்கொண்டிருந்தது. 'அக்கம்பக்கத்தார் கையெழுத்திட மறுத்தனர்' என்று எழுதினேன். எல்லாரும் எழுதுவது அது. கூடவே, கெட்டிக்காரத்தனத்துக்காக, 'வீட்டில் அடுப்பெரிந்தது, குடித்தனம் நடப்பது தெரிந்தது' என்றும் சேர்த்தேன். திரும்பும் வழியெல்லாம் அந்த வரியை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

பிறகு அதை மறந்தும்போனேன். அந்த மழைக்காலம் கழிந்து பனி இறங்கத் தொடங்கியபோது நாஜர் கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தாய்மொழிக்குப் போய்விடுவார்.

"ஏனப்பா, வயல்ல நாற்பத்தேழாம் நம்பர் ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"ஒருதலையாத் தீர்ப்பாயிடுச்சு. இப்போ பிரதிவாதி வந்து, எனக்குச் சம்மனே வரலை, தீர்ப்பை ரத்துப் பண்ணுங்கன்னு மனு போட்டிருக்கான். முன்சீப் பங்காருபேட்டைக்கு முகாம் வர்றார். நீ வந்து சாட்சி சொல்லணும்."

"ஒட்டினேங்க. சத்தியமா ஒட்டினேன்."

"கதவுலதானே?"

"கதவு மாதிரிங்க."

"கதவுன்னு எழுதிக்கொடுத்தே. கதவுன்னே சொல்லு. உன் பேப்பர் நின்னா நீ நிப்பே. அது விழுந்தா, அந்த முக்காலிக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

முக்காலி அவருக்கும் தெரிந்திருந்தது! கனவை நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறேன் போலிருக்கிறது.

முகாம் நாளன்று பங்காருபேட்டையில் பனி அடர்த்தி. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஏரிக்கரைப் பக்கம் காலைக்கடனுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். டவாலி நான் தங்கியிருந்த சத்திரத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது; நான் வெறும் துண்டோடு இருந்தேன். வயலிலிருந்து வருகிற பாதையில் பனிக்குள்ளிருந்து ஒரு சுவர் நடந்து வந்தது.

பொய்யில்லை. ஒரு சுவர். தரைக்கு மேலே மிதந்தபடி, மெதுவாக, இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டு. கிட்ட வந்தபோது அதன்மேல் கறுப்பாக நாற்பத்தேழு. வயலில் எத்தனையோ முறை நடந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். அன்று தூங்கிக்கொண்டே நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன். நாம் தேடிப்போய் ஒட்டிய வீடு நம்மைத் தேடிக்கொண்டு வருகிறது! கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்ளவும் பயம். விழித்துவிட்டால் சாட்சி சொல்லப் போகவேண்டுமே.

சுவருக்குக் கீழே நாலு கால்கள் முளைத்தன. முன்னால் ஒரு மெலிந்த பெண், பின்னால் ஒரு பருத்த பெண். தலைமேல் தட்டியை ஒருபக்கமாகச் சரித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"இன்னாண்ணா, பாத்துக்கினே நிக்கிறீங்க? பேயின்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள் முன்னால் வந்தவள்.

"இல்ல தங்கச்சி. சுவர் நடந்து வருதேன்னு..."

"சுவரு இல்லண்ணா. சாட்சி."

பின்னால் வந்தவள் தட்டியைத் தொப்பென்று இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நாலு மணி நேரமாத் தூக்கிக்கினு வர்றோம். இத ரயில்ல ஏத்த மாட்டேன்னுட்டான் அந்த கார்டு. இவ புருசன் மட்டும் மகாராசா மாதிரி ரயில்ல வர்றாரு."

"அவரால அவ்ளோ தூரம் நடக்க முடியாதுக்கா, தெரியாதா உனக்கு" என்றாள் மெலிந்தவள்.

இரக்கமா, விதியா தெரியவில்லை. நான் தட்டியின் பின்முனையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். இடையில் அந்தத் தட்டி. அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். சரிந்து தொங்கிய பக்கத்தில், என் மூக்குக்கு நேரே, ஆடு தின்றது போக மிச்சமிருந்த சம்மனின் மேல்பாதி, கூழ் காய்ந்து, கல்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலோரத்தில் நான் போட்ட கையெழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது.

"எங்கே கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன், தெரியாதவன்போல.

"கோர்ட்டுக்கு. எங்க அப்பா இருந்தப்போ, பூதிகோட்டைக் கொல்லைய எங்க ஊட்டுக்காரரு பேருக்கு எழுதி வெச்சாரு. அவரு போனதும் சித்தப்பா கேசு போட்டுட்டாரு. எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. ஞாயித்துக்கிழமை போயிப் பாத்தா, எங்க கொல்லைல சித்தப்பா ஏரு ஓட்டிக்கினு கீறாரு. இன்னா சித்தப்பான்னா, கோர்ட்டுல தீந்துபோச்சு, சம்மன் வந்துச்சே, நீங்க வரலயேன்றாரு."

"சம்மன் வந்திருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றேன். என் பேப்பருக்காகக் கடைசியாக ஒருமுறை பேசிப் பார்த்தேன்.

"எங்க வரும்? மணல்மேடு வளந்துக்கினே வந்து எங்க ஊட்டு முதுகுல முட்டுச்சு. கம்பெனில எங்க வரிசைய மட்டும் கலைச்சு அந்தாண்ட ஓரமாப் போடச் சொல்லிட்டாங்க. நாங்க போயி ரெண்டு மாசம் கழிச்சுதான் அந்த ஆளு வந்துகீறான். பழைய தட்டி ஒண்ணு இத்துப்போயிருந்துச்சு. நம்பரு எழுதின தட்டி. அத எதிர் வரிசை அக்காகிட்ட குடுத்துட்டுப் போனேன்."

"நான் அத மறைப்பா நட்டு வெச்சேன்" என்றாள் பக்கத்தில் வெறுங்கையோடு நடந்த பருத்தவள். "குளிக்கிறதுக்கு."

என் கால் நின்றுவிட்டது. தட்டியும் நின்றது.

குளிக்கிறதுக்கு. புகையில்லை, வெந்நீர் ஆவி. இடிபட்ட பாத்திரம் சொம்பு. என் தலைப்பாகையில் விழுந்தது... பனிக்குள் நின்றுகொண்டு நான் அந்த மதியத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு மறைப்பு, மூன்று பக்கம் கோணி, ஒரு பக்கம் தட்டி, மேலே முழு ஆகாயம். நான் ஒரு தடவை அண்ணாந்திருந்தால் போதும்.

"இன்னாண்ணா நின்னுட்டீங்க? கனக்குதா?"

"இல்ல, இல்ல."

"அந்தப் பாவி, நான் குளிக்கசொல்ல மறைப்புக்கு வெளிய நின்னுக்கினு, எனக்கு ஒண்ணும் புரியாத ஒரு கதையே படிச்சான்" என்றாள் பருத்தவள். "பொம்பளை குளிக்கிறான்னு தெரியாதா ஒருத்தனுக்கு? தண்ணிய மூஞ்சிமேல ஊத்தினேன். அப்பவும் படிக்கிறான்! அவன் மட்டும் கெடைக்கட்டும்."

"மடையன்தான்" என்றேன் மனதார.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "இந்தக் கொரலை எங்கயோ கேட்டாப்ல கீது."

அதன்பிறகு, கோர்ட்டு முகாம் போட்டிருந்த முசாபர் பங்களா வரும்வரை நான் இருமல் ஒன்றைத் தவிர வேறு எந்தச் சத்தமும் எழுப்பவில்லை.

ஆனால் முன்னால் நடந்தவள் பேசிக்கொண்டே வந்தாள். என்னிடம் சொல்வதைவிட, பனியிடம் சொல்வதுபோல. கணவருக்குச் சுரங்கத்து அடியிலேயே வருஷங்கள் போய், மார்பு கட்டிப்போயிற்றாம். இனிமேல் கீழே இறங்காதே, மேலே வெயில் காற்றில் இரு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். மேலே அவர்களுக்கு இருப்பது அந்தக் கொல்லை ஒன்றுதான். "அது இல்லேன்னா அவரு நாளைக்கும் கேஜுக் கூண்டுல ஏறி சுரங்கத்துல எறங்குவாரு. எத்தினி நாளைக்கு எறங்குவாரோ" என்றாள். பின்னால் தட்டியைத் தாங்கியபடி நான் நடந்தேன். சம்மன் என் மூக்கில் உரசிக்கொண்டே வந்தது.

பங்களா வாசலில் தட்டியைச் சாய்த்துவிட்டு, "நல்லாருப்பீங்க அண்ணா" என்று அவள் சொன்னாள். நான் சத்திரத்துக்கு ஓடி டவாலியை மாட்டிக்கொண்டு வந்தேன்.

சாட்சிக் கூண்டெல்லாம் கிடையாது. மேஜைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். என்னைக் கூப்பிட்டபோது நான் உள்ளே வந்தேன். சுவரோரம் நின்றிருந்த அந்தப் பெண் முதலில் என் வில்லையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. அவள் பக்கத்தில் கணவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் வாய் லேசாகத் திறந்து அப்படியே நின்றது.

சித்தப்பாவின் வக்கீல் என் காகிதத்தை நீட்டினார். "பிரதிவாதி குடியிருக்கும் வீட்டின் வெளிக்கதவில் ஒட்டினதாக எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"எழுதியிருப்பது சரிதானே?"

இதற்கு 'ஆமாங்க' என்ற ஒரே சொல் போதும். நாஜர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணில் எனக்கு முக்காலி தெரிந்தது, நாலடி தூரத்தில், பளபளவென்று. வயலிலிருந்து உலக்கைச் சத்தம் பங்காருபேட்டை வரை கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது.

"இல்லீங்க" என்றேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். முன்சீப் நிமிர்ந்தார். "என்ன இல்லை?"

"அது வீடு இல்லீங்க. கதவும் இல்லீங்க."

முன்சீப், வாசலில் சாய்த்துவைத்திருந்த தட்டியைக் காட்டினார். "இதை உனக்கு அடையாளம் தெரிகிறதா?"

"நல்லாத் தெரியும் ஐயா. காலைல ஏரிக்கரையிலேர்ந்து நான்தான் தூக்கிக்கினு வந்தேன்."

அவருக்கு அது புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்டார்.

"வீட்டில் அடுப்பெரிந்தது என்று எழுதியிருக்கிறாயே?"

"வெந்நீர் ஆவி ஐயா."

"அக்கம்பக்கத்தார் கையெழுத்திட மறுத்தனர்?"

"ஒரு ஆடு இருந்துச்சு ஐயா. அது போடலை."

"கூரை இல்லாததைக்கூடவா நீ பார்க்கவில்லை?"

"அண்ணாந்து பார்க்கலை ஐயா."

பின்னாலிருந்து, "இவன்தான்! இவன் கொரல்தான்!" என்று பருத்தவள் கத்தினாள். டவாலிக்காரர்கள் அவளை அமர்த்தினார்கள். அவள் சாட்சி சொல்ல வேண்டிய முறை வந்ததும், சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முன்சீப்பையே கேட்டாள்: "ஐயா, எல்லாம் சரி. என் தட்டி எப்போ கெடைக்கும்? ரெண்டு நாளா நான் குளிக்கலை."

ஒருதலைத் தீர்ப்பு அன்றே ரத்தானது. வழக்கை மறுபடி முதலிலிருந்து கேட்க உத்தரவானது. தட்டி மட்டும் கோர்ட்டுக் காவலில் இருந்தது. அந்த அம்மாள் எப்படிக் குளித்தாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை.

என் டவாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சரிபார்க்காமல் சத்தியம் எழுதிக்கொடுத்ததற்காக ஆறு மாதம் பங்கா இழுக்கச் சொன்னார்கள். ஒரு கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு, வராந்தாவில் மல்லாந்து படுத்து, முன்சீப்புக்குக் காற்று வீச வேண்டும். எனக்கென்றே செய்த வேலை. கால் ஆடும், நான் கனவு காண்பேன். மல்லாந்து படுத்திருந்ததால் மேலே கூரை இருப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாஜர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "பாரப்பா, நல்லாப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். முக்காலியில் வேறொருவன் உட்கார்ந்தான். என் கயிற்றின் வழியாகவே அந்த வழக்கும் நடந்தது. அப்பா எழுதிவைத்த பத்திரம் வந்தது, சாட்சிகள் வந்தார்கள், கடைசியில் கொல்லை அவர்களுக்கே என்று தீர்ப்பாயிற்று. அதைக் கேட்டபோது என் கால் ஒரு கணம் நின்றதாகவும், முன்சீப்புக்கு வேர்த்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

டவாலி திரும்பக் கிடைத்த மாதமே பூதிகோட்டைப் பக்கம் ஒரு சம்மன் வந்தது. வேறு யாருக்கோ. கொடுத்துவிட்டு, சுற்றுவழி என்று தெரிந்தே அந்தக் கொல்லைப் பக்கமாகத் திரும்பினேன். முதுகில் இதமான வெயில். ராகி முழங்கால் உயரம் நின்று, காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. புளியமர நிழலில் அவள் கணவர் கூடையொன்றைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு இன்னும் சத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அவசரமில்லாமல் வந்துபோயிற்று. உலக்கையில்லாத அந்த அமைதியில் எனக்குக் காது அடைத்தமாதிரி இருந்தது.

அவள் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று தொண்டையைக் கனைத்தேன். ஏறிட்டுப் பார்த்தாள், வில்லையைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

வழியெல்லாம் நான் கண்டுவந்த கனவில் அவள் மோர் கொடுத்திருந்தாள். கணவரை எழுப்பி, 'இவருதான்' என்று காட்டியிருந்தாள். இரண்டொரு சொட்டுக் கண்ணீர்கூட விட்டிருந்தாள். அதில் கொஞ்சமாவது நடக்கட்டும் என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

"அன்னிக்கு நான் மட்டும் உண்மையைச் சொல்லலைன்னா, இந்தக் கொல்லை போயிருக்கும் இல்ல, தங்கச்சி?"

அவள் ஒரு களைச்செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறினாள்.

"போனதே உங்களாலதான்."